மூன்று மாயாவிகள்

தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற ஈயத்தாளுக்கு ஒரு மணம் உண்டு. பெட்டி உடைந்து பலகை அடுப்புக்குப் போன பிறகும் அந்தத் தாளின் மடிப்புகளில் தூள் ஒட்டியிருக்கும். கிழியாமல் அதைப் பிரித்தெடுத்து, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை சுற்றி, ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக அழுத்திவிட்டால் இரும்புக்கை தயார். 1986-ல் மூணாறு மலையில் எனக்குப் பத்து வயது. விடிகாலையில் பனிமூட்டம் இறங்கி, தோட்டத் தொழிலாளர் லயத்தின் கடைசி வீடு கண்ணுக்குத் தெரியாமல் போகும் நேரத்துக்காகக் காத்திருப்போம். பழுப்பு ஸ்வெட்டரும் கம்பளிக்குல்லாயும் போட்ட பையன் பத்தடி தள்ளிப் போனால் போதும், ஆள் காணாமல் போய்விடுவான். ஈயத்தாள் சுற்றிய கை மட்டும் வெள்ளையாக ஆடும். இந்தப் பக்கம் நிற்கிறவர்கள் "மாயாவி!" என்று கத்த வேண்டும். கத்தவில்லை என்றால் அன்றைக்கு ஆட்டம் செல்லாது.

அப்பாவுக்குச் சொந்த ஊர் பாலக்காட்டு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. கேரள அரசின் தமிழ்வழிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்து மலையேறினார். 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட்டன. எல்லைக்கோடு மேலே வந்து விழுந்ததற்காக மக்கள் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. பஸ் போர்டு மலையாளத்தில் இருக்கும், பஸ்ஸுக்குள் தமிழ் இருக்கும். பள்ளிக்கூடத்தில் தமிழில் பாடம் படித்துவிட்டு, ரேஷன் கடையில் மலையாளத்தில் பேர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

பழைய முத்து காமிக்ஸ் இதழ்கள் எங்களிடம் வந்து சேர்ந்தது போடியிலிருந்து. லீவுக்குக் கீழே இறங்கிப் போகிற பையன்கள் சித்தப்பா வீட்டிலிருந்தோ பெரியம்மா வீட்டிலிருந்தோ கொண்டுவருவார்கள். போடிமெட்டு வளைவுகளில் பஸ் ஏறிவரும்போதே பாதிப் புத்தகம் படித்து முடிந்திருக்கும். எங்கள் கைக்கு வரும்போது அட்டை இருக்காது, முதல் நாலு பக்கமும் இருக்காது. ஆகவே இரும்புக்கை மாயாவியின் கதை எங்களுக்கு எப்போதும் நடுவில்தான் தொடங்கியது. சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே இந்த மாயாவிதான், 1972-ல் வந்தது என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அவனுடைய அசல் பெயர் லூயிஸ் கிராண்டேல், இங்கிலாந்தில் 'வேலியன்ட்' என்ற வார இதழில் 1962-ல் பிறந்தவன், அவனை வரைந்த ஹெசுஸ் பிளாஸ்கோ ஸ்பெயின்காரர் என்பதையும் மீசை முளைத்த பிறகுதான் அறிந்தேன். அன்றைக்கு அவன் எங்களுக்கு மாயாவி, அவ்வளவுதான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் மறையாது. மூணாறுக்குக் கீழேதான் பள்ளிவாசல் மின் நிலையம், 1940-லிருந்து ஓடுவது. மலையிலிருந்து இறங்கும் அந்த ராட்சதக் குழாய்களைப் பஸ்ஸிலிருந்து பார்க்கும்போதெல்லாம், மாயாவிக்குக் கரண்ட் தீர்ந்துபோனால் இங்கேதான் வருவான் என்று ஜன்னலோரம் சண்டை போட்டு உட்காருவோம்.

இன்னொரு மாயாவி இருக்கிறான் என்பதை எனக்குக் காட்டியவர் அடுத்த குவார்ட்டர்ஸில் இருந்த சேச்சி. அவருடைய அப்பா தபால் இலாகா, கோட்டயம் பக்கம். சேச்சி எட்டாம் வகுப்பு. ஒருநாள் வராந்தாவில் உட்கார்ந்து 'பாலரமா' என்ற மலையாளச் சிறுவர் இதழைப் படித்துக்கொண்டிருந்தவரிடம் என்ன கதை என்று கேட்டேன். "மாயாவி" என்றார். நான் புத்தகத்தைப் பிடுங்காத குறை. எட்டிப் பார்த்தால் இரும்புக்கையும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. சின்னக் கொம்பும் வாலுமாக ஒரு குட்டிச்சாத்தான், கையில் மந்திரக்கோல், பக்கத்தில் ஒரு பையன், ஒரு பெண்.

"இது மாயாவி இல்லை" என்றேன்.

"இதாணு மாயாவி" என்றார் சேச்சி.

நான் வீட்டுக்கு ஓடி அட்டையில்லாத என் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஈ மாயாவிக்கு சிரிக்கான் அறியில்லே?" என்று கேட்டார். அதுவரை நான் கவனிக்காத விஷயம். உண்மையிலேயே அவன் சிரிப்பதில்லை.

அன்று தொடங்கியது பண்டமாற்று. அவர் எனக்கு ராஜுவும் ராதாவும் மாயாவியைக் கூப்பிடுவதையும், குட்டூசனும் டாகினியும் அவனைக் குப்பியில் அடைக்கப் பார்ப்பதையும், லுட்டாப்பி குந்தத்தின் மேல் ஏறிப் பறப்பதையும் படித்துச் சொல்வார். நான் அவருக்கு இரும்புக்கை மாயாவியைச் சொல்வேன். காணாமல் போன முதல் நாலு பக்கத்தையும் சேர்த்து நானே உண்டாக்கிச் சொல்வேன். ஆறு மாதத்தில் எனக்கு மலையாளம் படிக்க வந்துவிட்டது. எழுத்துக்கூட்டி நான் படித்த முதல் மலையாளச் சொல் மாயாவி. நடுவில் நிற்கும் யகரம் நம்முடைய 'ய'வைப் போலவே இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் போனேன்.

இப்போது எண்ணிப் பார்த்தால், அதற்கு இரண்டு வருஷம் முந்தைய 1984 விசேஷமான வருஷம். பாலரமாவில் மாயாவி தொடங்கியது அந்த ஆண்டு. நவோதயாவின் 'மை டியர் குட்டிச்சாத்தான்' முப்பரிமாணப் படமாக வந்ததும் அதே ஆண்டு. சிவகாசியில் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கியதும், ராணி காமிக்ஸ் ஒன்றரை ரூபாய்க்கு ஜேம்ஸ் பாண்டைக் கொண்டுவந்ததும் அதே ஆண்டு ஜூலை. அதற்கு முந்தைய வருஷம்தான் 'பாலமங்களம்' என்ற மலையாளச் சிறுவர் இதழில் டிங்கன் என்ற எலி பிறந்திருந்தது, வேற்றுக்கிரகத்தார் தூக்கிப் போய்ச் சக்தி கொடுத்து அனுப்பிய எலி. மலையின் இரண்டு பக்கத்திலிருந்தும் நாயகர்கள் ஏறிவந்து எங்கள் லயத்து வாசலில் சந்தித்துக்கொண்ட காலம் அது. இரண்டு மொழியும் தெரிந்த குழந்தைக்கு இரட்டைச் சொத்து. எல்லையில் வளர்ந்ததில் எனக்குக் கிடைத்த பெரிய செல்வம் இது என்று இன்றும் சொல்வேன்.

லயத்தில் ஒருவர் இருந்தார். தேயிலை ஃபேக்டரியில் ரோலரில் மாட்டி வலதுகை மணிக்கட்டோடு போய்விட்டது. அதற்குப் பிறகு அவருக்குக் காவல் வேலை. முழுக்கைச் சட்டையின் நுனியை மடித்து ஊக்கு குத்தியிருப்பார். நாங்கள் அவருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் மாயாவி. இதைச் சொல்ல எனக்கு இன்றும் நெஞ்சு கூசுகிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். எங்கள் கணக்கில் அது கேலி இல்லை. எங்களுக்குத் தெரிந்த பெரிய பட்டத்தை அவருக்குக் கொடுத்திருந்தோம். அவர் காதுக்கு அது எப்படிப் போயிற்றோ, ஒருநாள் சாயங்காலம் கூப்பிட்டார்.

"சார் மவனே, அந்தப் பொஸ்தகத்தக் குடு."

கொடுத்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து, புத்தகத்தை முழங்காலில் வைத்து, மடித்த சட்டை நுனியால் ஒரு பக்கத்தை அழுத்திக்கொண்டு இடதுகையால் புரட்டினார். அவருக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. படங்களைத்தான் பார்த்தார். மிகவும் மெதுவாகப் பார்த்தார்.

"இவனுக்கும் வலதுகைதானா?"

"ஆமா."

"இந்தக் கைய யாரு குடுத்தா? கம்பெனியா?"

எனக்குத் தெரியவில்லை. முதல் நாலு பக்கம் இல்லை என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கடைசிவரை பார்த்து முடித்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதற்கப்புறம் நாங்கள் ஈயத்தாள் சுற்றிக்கொண்டு அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. யாரும் யாரிடமும் பேசி முடிவு செய்தது இல்லை, போகவில்லை, அவ்வளவுதான்.

லீவு விட்டால் மறையூர், சின்னாறு வழியாக உடுமலைக்கு இறங்கி, பொள்ளாச்சி போய், கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிக் கொழிஞ்சாம்பாறை. கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போகத் தமிழ்நாட்டைக் கடக்கும் பயணம். அங்கே என் தாத்தா, அப்பாரு, இருந்தார். ஒரு மாசி மாதம் அவருக்குத் தெரிந்தவர் ஊர்ப் பகவதி கோயிலுக்குத் தோல்பாவைக்கூத்து பார்க்கக் கூட்டிப்போனார். கோயிலுக்கு எதிரே கூத்துமாடம். வெள்ளைத் திரைக்குப் பின்னால் வரிசையாக இருபத்தொரு விளக்கு. திரையில் மான்தோல் ராமன். பேசுகிறவர்கள் மலையாளிகள், பாடுவது கம்பராமாயணம், தமிழ்ப்பாட்டு! ஒரு பாட்டைச் சொல்லிவிட்டு அதற்கு விளக்கம் சொல்லத் தொடங்கினால் அரைமணி நேரம் போகிறது. பத்துமணிக்கு இருந்த கூட்டம் ஒருமணிக்கு இல்லை. நாங்கள், ஒரு கடலைக்காரர், திண்ணையில் தூங்குகிற நாலு பேர்.

"ஏனுங் அப்பாரு, ஆளே இல்லையே, யாருக்குச் சொல்றாங்க?"

"அம்மனுக்குச் சொல்றாங்க கண்ணு. நீ முழிச்சிருந்தா உனக்குஞ் சேர்த்து."

அன்றைக்குத் திரையில் ராமன் அசையாமல் நின்றதும், குரல் மட்டும் ஓடியதும் எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கட்டத்தில் பின்னால் இருந்தவர், விளக்கத்துக்கு நடுவே அந்த வருஷம் மழை பெய்யாததையும் ஆற்றில் தண்ணீர் இல்லாததையும் அயோத்திக்குள் கொண்டுவந்து சேர்த்தார். அப்பாரு சிரித்தார். தூங்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எழுந்து உட்கார்ந்தார்.

விளக்கத்தில் திறந்த அந்த நுழைவாயிலைப் பற்றிப் பல வருஷம் கழித்துத்தான் யோசித்தேன். பாட்டில் ஒரு சீர் மாறவில்லை, பாவை மாறவில்லை. விளக்கம் சொல்கிறவர் அந்த ஊரின் வெயிலை உள்ளே விட்டார். பல நூற்றாண்டாக அந்த ராமன் நிற்பதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஷொர்ணூருக்குப் பக்கத்தில் கூனத்தறையில் இருக்கும் ராமச்சந்திரப் புலவர் காந்தியையும் தோல்பாவையாக்கித் திரைக்குக் கொண்டுவந்தார், 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே காலத்தில் திருச்சூர்ப் பக்கத்து ரோபோட்டிக்ஸ் நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து இயந்திரத்தைக் கொண்டு பாவையை ஆட்டவும் செய்தார்கள். செய்தியைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது இரும்புக்கைதான்.

மூன்றாவது மாயாவி வந்தது 1990 வாக்கில், பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில். ராணி காமிக்ஸ் அட்டையில் முகமூடியும் இறுக்கமான உடையும் அணிந்த ஒருவர், மேலே பெயர் மாயாவி. முத்து காமிக்ஸில் வேதாளர் என்று அறிமுகமாகியிருந்த அதே ஆள், லீ ஃபாக் 1936-ல் உண்டாக்கிய ஃபாண்டம். மூன்று மாயாவிகளில் தலைமுறைக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் வைத்திருந்தவர் இவர் ஒருவர்தான். காட்டுக்குள் ஒரே ஆள் சாகாமல் இருக்கிறார் என்று எல்லோரும் நம்புகிறார்கள். உண்மையில் அப்பா இறந்ததும் மகன் முகமூடியை எடுத்து மாட்டிக்கொள்கிறான். நாம் படிப்பது இருபத்தொன்றாவது ஆள். எவ்வளவு அழகான உபாயம்! ஐம்பது வருஷத்துக்கு ஒருமுறை புது மனிதனைக் கொண்டுவந்து நிறுத்தலாம், கதைக்கு ஒரு கீறல் விழாது. ஆனால் 1936-ல் இருபத்தொன்றாவதாக இருந்தவர் பல தலைமுறை வாசகர்களைத் தாண்டியும் இருபத்தொன்றாகவே நின்றார். 1977-ல் கல்யாணம் செய்துவைத்தார்கள், பையனும் பெண்ணுமாக இரட்டைக் குழந்தைகள் பிறந்தன, முகமூடி மட்டும் கைமாறவில்லை. கதவைக் கட்டிவைத்துவிட்டுத் திறக்க மனம் வராமல் நிற்பது போல. வாசகன் விடவில்லை என்பதுதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

உடையை மாற்றினால் புதுப்பித்ததாகிவிடும் என்று நினைப்பது இன்னொரு தவறு. இங்கிலாந்தில் எங்கள் இரும்புக்கைக்காரனுக்கும் அறுபதுகளின் பிற்பகுதியில் சூப்பர் ஹீரோ மோகம் வந்தபோது முகமூடியும் உடையும் மாட்டிவிட்டார்கள். பொருந்தவில்லை, பிறகு கழற்றினார்கள். 2004-ல் ஸ்பைடர்மேனை மும்பைப் பையனாக்கி வேட்டி கட்டிவிட்டார்கள், பவித்ர் பிரபாகர் என்று பெயர். நாலு இதழோடு நின்றது. அதே பவித்ர் 2023-ல் அனிமேஷன் படத்தில் தன் ஊரைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தபோது குழந்தைகள் ஏற்றுக்கொண்டார்கள். வேட்டி செய்யாததைப் பேச்சு செய்தது.

இனி என் மகள். 2019-ல் அவளுக்குப் பத்து வயது, நாங்கள் பாலக்காட்டுச் சித்தூரில் இருந்தோம். அந்த பிப்ரவரியில் பாலரமாவில் டிங்கினி என்ற புதுப் பாத்திரம் வருகிறது, லுட்டாப்பியை ஓரங்கட்டப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. கேரளம் முழுக்க 'சேவ் லுட்டாப்பி' என்று ஒரே ஆரவாரம். மீம், கவிதை, சமூக ஊடகத்தில் முழக்கம். லுட்டாப்பி எங்கும் போகமாட்டான் என்று பத்திரிகைத் தரப்பிலிருந்தே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. நானும் உணர்ச்சிவசப்பட்டு நாலு குழுவுக்கு அனுப்பினேன். குந்தத்தின் மேல் பறந்த அந்தச் சிவப்புப் பயலோடு மூணாறு வராந்தாவும் சேச்சியும் போய்விடுவார்கள் என்று உண்மையிலேயே பயந்தேன்.

மகள் என் ஃபோனை எட்டிப் பார்த்தாள். "டிங்கினி வர்ற கதையப் படிச்சீங்களாப்பா?" என்று கேட்டாள்.

படிக்கவில்லை. அந்த இதழ் எங்கள் வீட்டு மேஜையில்தான் கிடந்தது. அவளுக்காகத் தவறாமல் வாங்கிக்கொண்டிருந்தது நான்தான். ஆனால் நான் பாலரமாவைப் பிரித்துப் படித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் அதற்குள் இரண்டு தடவை படித்திருந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. குழந்தைகளின் பத்திரிகையில் யார் இருக்க வேண்டும் என்று நாற்பது வயதுக்காரர்கள் சேர்ந்து முழங்கினோம். எங்கள் அன்பு பொய்யில்லை. ஆனால் ஒரு நாயகன் புதிதாவதற்குக் குறுக்கே நிற்பது இந்த அன்புதான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. எழுதுகிறவருக்குக் கற்பனை வற்றிவிட்டதாக நாம் குறை சொல்கிறோம். அவர் ஒரு கோட்டை மாற்றிப் போட்டால் ஆயிரம் பேர் அடிக்க வருகிறோம். டிங்கனைப் பாருங்கள். பாலமங்களம் 2012-ல் நின்றுபோனது. அதற்கு முன்பே, 2008 முதல், பெரியவர்கள் டிங்கனைக் கடவுளாக்கி ஒரு பகடி மதம் உண்டாக்கியிருந்தார்கள். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் கேரளத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் டிங்கனின் புதுக் கதைக்காகக் கடை வாசலில் நிற்கிற குழந்தை ஒன்றுகூட இல்லை.

இரும்புக்கை மாயாவியின் மறுபதிப்பு ஒன்றை மகளுக்கு வாங்கிக் கொடுத்தேன். அட்டையோடு, முதல் நாலு பக்கத்தோடு. ஒரே மூச்சில் படித்தாள். இதில் ஒரு பெண்கூட இல்லையே என்றாள். அதை எதிர்பார்த்திருந்தேன். அடுத்துக் கேட்டதை எதிர்பார்க்கவில்லை.

"அவருக்குக் கை போச்சே, வலிக்காதா? யாருமே கேக்க மாட்டேங்கறாங்க."

லயத்துப் படிக்கட்டும் மடித்த சட்டை நுனியும் கண்முன் வந்தன. கையை யார் கொடுத்தார்கள் என்று ஒருவர் கேட்டார், வலிக்காதா என்று முப்பது வருஷம் கழித்து இவள் கேட்கிறாள். இரண்டு கேள்வியையும் நான் கேட்டதில்லை. மறைந்து போவதும் பாய்ந்து பிடிப்பதும் எனக்குப் போதுமாக இருந்தது. யாராவது ஒரு தமிழ் எழுத்தாளர் மாயாவியை மறுபடி எழுத உட்கார்ந்தால், இந்த இரண்டு கேள்வியிலிருந்து தொடங்கினால் போதும். உடையை மாற்ற வேண்டாம், ஃபோனைக் கையில் கொடுக்க வேண்டாம். ஃபேக்டரியில் கையை இழந்த ஒரு மனிதன் கண்ணுக்குத் தெரியாமல் போகிறான் என்பதில் எங்கள் மலையே இருக்கிறது.

முடியாத காரியம் இல்லை. 2025 ஓணத்துக்கு வந்த 'லோகா' படத்தை மகளோடு பாலக்காட்டில் பார்த்தேன். அதில் வரும் கள்ளியங்காட்டு நீலி நாட்டார் கதைகளின் பழைய ஆள், கடமற்றத்துக் கத்தனார் கொட்டாரத்தில் சங்குண்ணி 'ஐதிஹ்யமாலை'யில் எழுதிவைத்த ஆள். நீலிக்குத் தமிழிலும் உறவு உண்டு, அவள் கதை நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் இருக்கிறது. ரத்தம் குடிக்கிற யட்சி என்று பயமுறுத்தப்பட்டவளிடம், அவளுக்கு நடந்தது என்ன என்று இயக்குநர் டொமினிக் அருண் கேட்டிருந்தார். பல்லும் ரத்தமும் அப்படியே இருந்தன. பழைய கதை தெரிந்த நானும், தெரியாத பதினாறு வயதுப் பெண்ணும் ஒரே இடத்தில் கைதட்டினோம். தியேட்டரை விட்டு வெளியே வந்ததும், சங்குண்ணி புத்தகம் நம் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டாள். அதைவிட வேறென்ன வேண்டும்?

நம் நாயகர்களை நேசிக்கிற என் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை யாரையாவது காப்பாற்றச் சொல்லி முழக்கம் கிளம்பும்போது, அனுப்புவதற்கு முன் வீட்டு மேஜையில் கிடக்கும் இதழை எடுத்து முழுதாகப் படியுங்கள். படித்துவிட்டு, அதை வைத்திருக்கும் குழந்தையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.